மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: கிணற்றுப் பம்பியை நாமே பரிசோதிப்பது எப்படி?

ஊர் திரும்பியதும் பெரும்பாலானோர் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். கூரை இல்லாவிட்டாலும் தறப்பாள் கட்டி நாலு நாள் இருந்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் சமாளிப்பதே பெரும்பாடு. சித்தாண்டிப் பக்கம் 1990 இல் எழும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். 2007 இல் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் வந்து இங்கே முகாமில் இருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் பாடசாலையில் தங்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லோருடைய வளவிலும் நாங்கள் கேட்ட முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

"மோட்டர் ஓடுது மகள், தண்ணிதான் வருதில்ல. கொயில் எரிஞ்சிட்டெண்டு சொல்லி ரெண்டு தரம் காசு குடுத்தாச்சு."

சித்தாண்டியில் ஓர் அம்மா எங்களிடம் சொன்னது இது. மீள்குடியேற்ற உதவியாகக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கு அந்த மோட்டருக்குள் போய்விட்டது. கொயில் எரிந்த மோட்டர் இப்படி ஒழுங்காக ஓடாது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பாடம் அவரை நினைத்து எழுதியது.

எழுதுகிற நான் பொறியியல் படித்தவள் இல்லை. கலைப்பீடத்தில் படித்துவிட்டு தொடர்பாடல் உத்தியோகத்தராக வேலை செய்பவள். எங்கள் நிறுவனத்தின் நீர் வழங்கல் பிரிவுத் தம்பிமாரோடு வளவு வளவாகப் போய், கேட்டு, குழாயைக் கையால் கழற்றிப் பூட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

பம்பிக்கு முன் கிணறு

நீங்கள் வீட்டை விட்டுப் போய்ப் பல மாதங்கள், அல்லது வருடங்கள் ஆகியிருந்தால் பம்பியில் கை வைக்க முன் கிணற்றைப் பற்றி இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, மோதல் நடந்த இடங்களில் கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் கிடக்கலாம். உள்ளே இரும்போ, பெட்டியோ, எறிகணை போன்ற ஏதாவதோ தெரிந்தால் வாளி போட்டுக் கிளறாதீர்கள், கொழுக்கி போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மிதிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கிணறு உங்களுடையது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய கிணற்றில் அடி தெரியாது. அப்படியானால் வளவு பரிசோதித்து விடுவிக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்த பிறகே இறைக்கத் தொடங்குங்கள்.

இரண்டாவது, கிணற்றுக்குள் இறங்குவது. பாவிக்காமல் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். இதைப் பற்றி மண்ணெண்ணெய்ப் பம்பிகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: இந்தப் பாடத்தில் உள்ள வேலைகளில் எதற்கும் நீங்கள் கிணற்றுக்குள் இறங்கத் தேவையில்லை. எல்லாம் கட்டில் நின்று செய்யக்கூடியவை.

பம்பி தண்ணீரை இழுப்பதில்லை

குரும்பை வெட்டி ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கும்போது நாம் தண்ணீரை இழுக்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் நாம் செய்வது ஸ்ட்ரோவுக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுவது மட்டுந்தான். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளிவிடுகிறது. ஸ்ட்ரோவில் ஊசித் துவாரம் ஒன்று இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுத்தான் வரும், தண்ணீர் வராது.

கிணற்றுக்கட்டில் வைத்திருக்கும் உங்கள் மோட்டரும் அந்த வாய் மாதிரித்தான். கிணற்றுக்குள் போகும் எஸ்லோன் குழாய் அந்த ஸ்ட்ரோ. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பம்பி தண்ணீர் தராதபோது நாம் தேட வேண்டியது ஒரு கேள்விக்கான விடையை: எங்கே காற்று உள்ளே வருகிறது, அல்லது எங்கே தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது?

காற்று எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும்? இத்தாலியில் பம்பி செய்தவர்கள் முப்பத்துச் சொச்சம் அடிக்கு மேல் தண்ணீர் ஏற மறுப்பதைக் கண்டு குழம்பிப்போனார்கள். 1640களில் தொரிசெல்லி என்பவர் காரணத்தை விளக்கினார். வெளிக் காற்றின் அழுத்தம் தாங்கக்கூடிய தண்ணீர்த் தூண் கிட்டத்தட்ட 34 அடிதான். அதற்கு மேல் எந்தப் பெரிய மோட்டரைப் பூட்டினாலும் ஏறாது. நடைமுறையில் குழாயின் உராய்வு, பம்பியின் தேய்வு எல்லாம் சேர்ந்து 23 முதல் 25 அடிக்குள் நின்றுவிடும். அளக்க வேண்டியது கிணற்றின் அடியிலிருந்து இல்லை. நீர்மட்டத்திலிருந்து மோட்டர் இருக்கும் உயரம்வரை அளக்க வேண்டும்.

மாரியில் நன்றாக இறைத்த மோட்டர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூச்சுவிடத் தொடங்குவது இதனால்தான். மோட்டரில் பழுது இருக்காது, நீர்மட்டம் இறங்கியிருக்கும். அந்த நேரம் குதிரைவலு கூடிய மோட்டர் வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கையைப் பொத்திக்கொள்ளுங்கள். மோட்டரைக் கிணற்றுக்குக் கிட்ட, நிலமட்டத்துக்குப் பதிவாக, வெள்ளம் ஏறாத அளவுக்கு மட்டும் உயர்த்தி வைப்பது அதைவிடப் பிரயோசனம். நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போகும் ஆழமான குழாய்க்கிணறு என்றால் மேலே வைக்கும் சாதாரண மோட்டர் சரிவராது. தண்ணீருக்குள் இறக்கும் வகை தேவை.

ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இல்லை

இதுதான் பொதுவான பிரச்சினை. அதனால் இதிலேயே கூட நேரம் நிற்போம்.

தண்ணீர் வராமல் மோட்டரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். உள்ளே அச்சைச் சுற்றி இருக்கும் சீல் தண்ணீராலேயே குளிர்கிறது. வெறுமையாக ஓடினால் அது சூடாகிக் கருகும். பிறகு அச்சடியால் தண்ணீர் ஒழுகி மோட்டருக்குள் போகும். அப்போதுதான் உண்மையிலேயே கொயில் பழுதாகும். சித்தாண்டி அம்மாவின் மோட்டருக்கு இரண்டாம் தரம் நடந்தது இதுவாக இருக்கலாம் என்று எங்கள் தம்பிமார் சொன்னார்கள்.

மோட்டரை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு, பம்பியின் மேல் உள்ள மூடியைத் திறவுங்கள். அதற்குள் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதுதான் இந்தப் பாடத்தில் மிகப் பெறுமதியான பரிசோதனை, ஒரு சதமும் செலவில்லை. ஓர் இஞ்சிக் குழாய் 20 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 3 லீற்றர் தண்ணீர்தான் கொள்ளும். இரண்டு இஞ்சிக் குழாய் என்றால் 12 லீற்றர். ஓர் இஞ்சிக் குழாய்க்கு நீங்கள் 10 லீற்றர் வாளியால் ஒரு வாளி முழுக்க ஊற்றியும் வாய்வரை நிரம்பவில்லை என்றால் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குத்தான் திரும்பிப் போகிறது.

நிரம்பிவிட்டதா? மூடியைப் போடாமல் அரை மணித்தியாலம் பொறுத்திருங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். தண்ணீர் அதே மட்டத்தில் நின்றால் கீழ்ப்பக்கம் நல்லது. மூடியை இறுக்கிவிட்டு மோட்டரைப் போடுங்கள், பெரும்பாலும் தண்ணீர் வரும். மட்டம் இறங்கியிருந்தால் இரண்டு இடத்தில் ஒன்றுதான் காரணம்.

ஒன்று புட் வால்வு. குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள் இருக்கும் ஒருவழிக் கதவு அது. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதன் இறப்பர் தேய்ந்தாலோ, மண், வேர், சருகு ஏதாவது சிக்கினாலோ கதவு மூடாது. குழாயை மேலே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தேவை. கிணற்றுக்கட்டு இடிந்திருந்தால் முதலில் பலகை போட்டு நிற்க இடம் செய்யுங்கள். குழாயை வளைத்து இழுத்தால் பொருத்து உடையும், நேராகத் தூக்குங்கள்.

அம்மாவின் வீட்டில் நாங்கள் குழாயை எடுத்தபோது வால்வுக்குள் ஒரு சின்ன நத்தை ஓடு இருந்தது. கச்சான் பருப்பளவுகூட இல்லை. அதை எடுத்துவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்த்தோம். ஒரு பக்கம் காற்றுப் போனது, மறுபக்கம் போகவில்லை. அவ்வளவுதான் பழுது. ஊதிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் காற்றுப் போயிருந்தால் புதியது வாங்கியிருப்போம். வாங்கும்போது பழையதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். இஞ்சி சொல்லி வாங்கியவர்கள் பலர் இரண்டாம் தரம் செங்கலடிக்கு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

திரும்ப இறக்கும்போது வால்வு கிணற்றின் அடியைத் தொடக்கூடாது. அடியிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் நிற்கட்டும். சேற்றை உறிஞ்சினால் பம்பியின் உள்விசிறி தேய்ந்துபோகும். நீர்மட்டத்துக்கு மிகக் கிட்டவாகவும் இருக்கக்கூடாது, சுழி விழுந்து காற்றை இழுக்கும்.

மற்றது, குழாய்ப் பொருத்துகள். குழாய் நிரம்பி நிற்கும்போது கிணற்றுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சொட்டு விழும் பொருத்து அகப்பட்டுவிட்டது. ஆனால் மயிர் வெடிப்புகள் சொட்டாமலும் இருக்கும். தண்ணீர் வெளியே வராது, மோட்டர் ஓடும்போது காற்று மட்டும் உள்ளே போகும். இதற்கு, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டுக்கு மேலே கை எட்டும் பொருத்துகளில் சவர்க்கார நுரையைக் கெட்டியாகப் பூசுங்கள். நுரை உள்ளே இழுபட்டுப் போகும் இடம்தான் பழுது. மோட்டரின் வயர்ப்பெட்டியில் நுரையும் ஈரக்கையும் படக்கூடாது.

மரை உள்ள பொருத்து என்றால் கழற்றி, பழையதைச் சுரண்டிவிட்டு, வெள்ளை த்ரெட் டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள். மரையின் வாய் உங்களைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டுக் கம்பி சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது உரிந்துவிடும். பசை போட்ட பொருத்து வெடித்திருந்தால் அதற்கு மேல் பசை பூசி மறைப்பது இரண்டு நாளைக்கு மேல் நில்லாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிய சொக்கட் போடுங்கள். பசை காய ஓர் இரவு விடுங்கள். அவசரத்துக்கு, பழைய சைக்கிள் ரியூப்பை நீட்டாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினால் சில நாட்கள் ஓடும். இதை எந்தக் கைநூலிலும் பார்த்ததில்லை, முகாமில் ஒரு தாத்தா செய்து காட்டினார்.

இவையெல்லாம் சரி, ஆனால் தண்ணீர் மெலிதாகத்தான் வருகிறது என்றால் குழாய் போகும் பாதையைப் பாருங்கள். கிணற்றிலிருந்து மோட்டர்வரை குழாய் சிறிதாவது ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கூன் விழுந்திருந்தால் அந்தக் கூனில் காற்று தங்கிவிடும். மோட்டரின் வாய் ஓர் இஞ்சியாக இருக்க, காசை மிச்சம் பிடிக்க முக்கால் இஞ்சிக் குழாய் போட்டிருப்பதும் இப்படிச் செய்யும்.

உறுமுகிறது, சுழலவில்லை

சுவிட்சைப் போட்டதும் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் உடனே நிற்பாட்டுங்கள். இந்த நிலையில் விட்டால் சில நிமிடத்தில் கொயில் எரியும்.

மாதக்கணக்கில் ஓடாத மோட்டருக்குள் துரு பிடித்து உள்விசிறி ஒட்டிக்கொள்வது வழக்கம். பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டினால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். மோட்டரின் பின்பக்கத்தில் விசிறி மூடியின் நடுவே அச்சின் நுனி தெரியும், பலவற்றில் அதில் ஒரு வெட்டு இருக்கும். திருப்புளியை வைத்து இரு பக்கமும் மெதுவாக அசைத்துத் திருப்புங்கள். இலேசாகச் சுற்றத் தொடங்கினால் பிளக்கைப் போட்டுப் பார்க்கலாம். பல வீடுகளில் இவ்வளவோடு மோட்டர் பிழைத்திருக்கிறது.

கையால் இலேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது என்றால் கப்பாசிற்றராக இருக்கலாம். விலை குறைந்த பாகம்தான். ஆனால் அதைக் கழற்றுவது மின்வேலை தெரிந்தவரின் வேலை, பிளக்கைக் கழற்றிய பிறகும் அது மின்னை வைத்திருக்கும். நீங்கள் செய்யக்கூடியது, "கொயிலைப் பார்க்க முன்னம் கப்பாசிற்றரைப் பாருங்க தம்பி" என்று சொல்வது. மாற்றினால் பழையதில் அச்சிட்டிருக்கும் அதே எண்ணிலேயே போட வேண்டும். மாலையில் மட்டும் உறுமுகிறது, விடியப்புறம் நன்றாக ஓடுகிறது என்றால் மோட்டரைக் குறை சொல்லாதீர்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரம் மின்னழுத்தம் குறைகிறது. தாங்கியைக் காலையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சத்தமே இல்லை என்றால் முதலில் அதே பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். மோட்டரைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அது உங்களைக் காப்பாற்றுகிறது. திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள், தடி வைத்து முட்டுக் கொடுக்காதீர்கள் (கண்டிருக்கிறோம்). எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. கிணற்றடி ஈரமான இடம், பெண்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடு நிற்கும் இடம். எர்த் வயர் இல்லாமல் இரட்டை வயரில் இழுத்த மோட்டரை, அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், பாவிக்க வேண்டாம். முழுகும்போது மோட்டரைத் தொடாதீர்கள், அதன் குழாயில் துணியும் காயப்போடாதீர்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல் பம்பிகள்

மின்சாரம் இன்னும் வராத வளவுகளிலும் ஆற்றுக்கு அப்பால் வயல், தோட்டம் செய்பவர்களிடமும் இவைதான் இருக்கின்றன. தண்ணீர் வராததற்கு மேலே சொன்ன காரணங்களே இங்கும் பொருந்தும்: தண்ணீர் ஊற்றி நிரப்பல், காற்று, வால்வு. கூடுதலாக, உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பி வளையம் உள்ள தடித்த ஹோஸ்தான் போட வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் மெல்லிய ஹோஸைப் போட்டால் அது உள்ளே ஒட்டி மூடிக்கொள்ளும். ஹோஸை மாட்டும் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள், பல நேரம் காற்று அங்கேதான் நுழைகிறது.

இனி, முன்பு விரிவாகச் சொல்வதாகச் சொன்ன விடயம்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சிலர் பம்பியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள், அல்லது உள்ளே குறுக்கு மரம் போட்டு அதில் வைக்கிறார்கள். மேலே சொன்ன 25 அடிக் கணக்கு விளங்கியவருக்கு இது கெட்டித்தனமான யோசனையாகத் தெரியும். இது ஆளைக் கொல்லும். என்ஜின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. வெளியில் காற்றோடு கலைந்துவிடும், கிணற்றுக்குள் கலைய வழியில்லை. என்ஜின் நின்ற பிறகும் அது அங்கேயே நிற்கும். இறங்குபவருக்குத் தலை சுற்றும், கை கால் சோரும், ஏணியில் ஏறவேண்டும் என்ற நினைப்பு வரும்போது ஏற முடியாது.

அதன் பிறகு நடப்பதுதான் இன்னும் கொடுமை. விழுந்தவரைக் காப்பாற்ற அண்ணன் இறங்குவார், அவருக்குப் பிறகு மச்சான் இறங்குவார். இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளைப் பத்திரிகையில் நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஒருவர் உள்ளே மயங்கினால் யாரும் இறங்காதீர்கள். கயிற்றை, கொழுக்கியை மேலிருந்து போடுங்கள், 119 க்கு அழையுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள்.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்து, எரிந்தால் பயமில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே சுவாசிக்கக் காற்று இல்லை என்பது உண்மை. ஆனால் விளக்கு எரிகிறது என்பதால் காபனோரொட்சைட்டு இல்லை என்று ஆகிவிடாது. அது ஆளை வீழ்த்தும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரியும். இந்த ஒன்றில் பெரியவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பம்பியைக் கிணற்றுக்கட்டிலிருந்து தள்ளி, காற்று கிணற்றுப் பக்கத்திலிருந்து புகையை அப்பால் கொண்டுபோகும் பக்கமாக வையுங்கள். எண்ணெய் ஊற்றும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கிணற்றில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்க முடியாது, கொதித்தாலும் எண்ணெய் போகாது.

வெள்ளத்துக்குப் பிறகு இறைத்தல்

மாரியில் முந்தனையாறு பெருகினால் சித்தாண்டி, கிரான் பக்கம் கிணறும் வயலும் ஒன்றாகிவிடும். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரை வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பிளக்கில் போடுவது வழக்கமாக நடக்கும் தவறு. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். மின்வேலை தெரிந்தவர் கழற்றி, காயவைத்து, ஒழுக்குப் பார்த்துத் தந்த பிறகே போடுங்கள். வெள்ளம் வருமென்று தெரிந்தால் மோட்டரைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். கழற்ற இலகுவாக இரு பக்கமும் யூனியன் பொருத்துப் போட்டுவைப்பது அந்த நேரம் கைகொடுக்கும்.

வெள்ளத் தண்ணீர் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ஒரேயடியாக வெறுமையாக்காதீர்கள். சுற்றியுள்ள மண் நீரில் ஊறிப்போயிருக்கும்போது உள்ளே தண்ணீரை எடுத்துவிட்டால் கட்டு உள்நோக்கிச் சரியலாம். நிலத்தில் நிற்கும் வெள்ளம் வடிந்த பிறகு, சிறிது சிறிதாக இறையுங்கள். 4 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 350 லீற்றர். நிமிடத்துக்கு 30 லீற்றர் இறைக்கும் சிறு மோட்டருக்கு அதை எடுக்க 12 நிமிடம் பிடிக்கும். இரண்டு இஞ்சிப் பெற்றோல் பம்பி ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிடும். கிணற்றுக்கு எது நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

குளோரின் எவ்வளவு போடுவது என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லித் தருவார். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் உயரத்தையும் அளந்து கொண்டுபோனால் அவருக்கு வேலை இலகு. 5 அடி விட்டமென்றால் அடிக்கு 550 லீற்றர், 6 அடியென்றால் 800 லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் நல்லது என்று சொல்லும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொப்பளிக்கும்வரை கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

கடற்கரைப் பக்கமும் வாவிக்கரையிலும் குடியேறுபவர்களுக்கு இன்னும் ஒன்று. அங்கே மணலுக்குள் நல்ல தண்ணீர் உவர் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. ஓரடி நல்ல தண்ணீர் மட்டம் குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடிவரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை உப்புப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். தொண்டு நிறுவனங்களும் சேர்ந்துதான் இறைத்தன. நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான், ஆனால் மேலதிக இறைப்பு உப்பைப் போக்கவில்லை. பெரும்பாலும் அதைக் குறைத்தது அடுத்தடுத்த மாரி மழை. தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் கூட இறைக்காமல், குறைத்து, பரவலாக, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பழுது பார்ப்பவரைக் கூப்பிட முன்

கூப்பிட வேண்டிய நேரமும் வரும். சீல் ஒழுகினால், மோட்டர் கருகிய மணம் அடித்தால், தொட்டால் அதிர்ந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் "தண்ணி வருதில்ல" என்று மட்டும் சொல்லாமல் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: நிரப்பிப் பார்த்தேன், அரை மணித்தியாலத்தில் இவ்வளவு இறங்கியது, நீர்மட்டம் மோட்டரிலிருந்து இத்தனை அடி. இப்படிச் சொல்கிறவரிடம் தேவையில்லாத வேலைக்குக் காசு கேட்பது கடினம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். துலாவையோ கப்பியையோ கழற்றி எறிந்துவிடாதீர்கள், ஒரு வாளியும் கயிறும் எப்போதும் கிணற்றடியில் இருக்கட்டும்.

மோட்டர் நன்றாக ஓடும் ஒரு நாளில் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கட்டிலிருந்து தண்ணீர்வரை எத்தனை முடிச்சு என்று எண்ணுங்கள். பிறகு ஒருநாள் தண்ணீர் குறையும்போது இந்த இரண்டையும் திரும்ப எடுத்துப் பார்த்தால், குறைந்தது கிணறா, பம்பியா என்று தெரிந்துவிடும். முடிச்சுக் கூடாமல் செக்கன் மட்டும் கூடினால் குழாயையும் வால்வையும் பாருங்கள். இரண்டும் கூடினால் கோடை வந்துவிட்டது.

ஆவணியில், முருகன் கோயில் திருவிழா நேரம், நாங்கள் அந்த அம்மாவின் வீட்டுக்குத் திரும்பப் போனோம். கதவு நிலையின் உட்பக்கத்தில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தார்: "வாளி 22. முடிச்சு 11." அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், அவருடைய பேத்தி எழுதியிருந்தாள்: "வாளி 25. முடிச்சு 14."